கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே

வன்னியில் புதிதாக ஒரு வீடு எழும்பும்போது முதலில் கிணற்றுக்கு இடம் பார்ப்பார்கள். ஊற்று எந்தப் பக்கம், மேட்டு நிலம் எது, பக்கத்தில் குளம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார்கள். மலசலகூடத்துக்கு இடம் பார்ப்பது கடைசியில்தான். வளவில் எந்த மூலை எஞ்சியிருக்கிறதோ, எது யாருடைய கண்ணிலும் படாதோ, அங்கே ஒரு குழியை வெட்டி, மேலே கொங்கிரீட் மூடியைப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் குழியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

ஆனால் குழிக்குள் போனதெல்லாம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. அதன் நீர்ப்பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது மனித மலத்தில் வாழும் வைரஸ் கிருமிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. இடையில் போதிய மண்ணும் போதிய தூரமும் இல்லாவிட்டால் அதே நீர் நம் கிணற்றுக்குத் திரும்பி வருகிறது. அதை வாளியால் அள்ளுபவரும், சோற்றுக்கு உலை வைப்பவரும், பிள்ளையின் போத்தலில் நிரப்புபவரும் பெரும்பாலும் பெண்கள்தான். போதாததற்கு, இப்படித் தண்ணீரால் பரவும் ஒரு வகைச் செங்கமாரி கர்ப்பிணித் தாய்மாரின் உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே, சகோதரிகளே, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இந்தக் குழியைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

மெனிக் பாம் கற்றுத் தந்தது

வவுனியா மாவட்டத்தில் செட்டிகுளத்துக்கு அருகே அமைந்திருந்த மெனிக் பாம் முகாமை வன்னி மக்கள் மறந்துவிட மாட்டார்கள். 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்த வேளையில், இறுதிவரை இடம்பெயர்ந்து உயிர் தப்பிய குடும்பங்கள் அங்கே வைக்கப்பட்டன. உச்சக்கட்டத்தில் அந்த முகாமில் இருந்தவர்கள் சுமார் இரண்டேகால் இலட்சம் பேர். 2012 செப்டெம்பரில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறிய பின்னரே அது மூடப்பட்டது.

ஒரு பெரிய நகரத்தின் சனத்தொகை அது. நகரம் என்றால் கழிவுநீருக்குக் குழாய் இருக்கும், வடிகால் இருக்கும், சுத்திகரிக்க ஓர் இடம் இருக்கும். இங்கேயோ காடு வெட்டிய நிலத்தில் கூடாரங்களும், அவசர அவசரமாக வெட்டிய மலசலகூடக் குழிகளும்தான் இருந்தன. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் முகாமில் கொப்புளிப்பான் பரவியது. ஈரல் அழற்சி ‘ஏ’ என்னும் செங்கமாரியும் பரவியது. இரண்டும் வைரஸ் நோய்கள்தான். ஆனால் வந்த வழி வேறு. கொப்புளிப்பான் மூச்சாலும் தொடுகையாலும் வருவது. சன நெருக்கமே அதற்குப் போதும். செங்கமாரியோ ஒருவருடைய மலத்திலிருந்து புறப்பட்டு இன்னொருவருடைய வாய்க்குப் போய்ச் சேர்வது. அதற்குத் தண்ணீரோ, கையோ, உணவோ வாகனமாக வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் பெய்த பெருமழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலசலகூடக் குழிகளும் நிரம்பி வழிந்தன. நடமாடும் பாதையும் கழிவுநீரும் ஒன்றாகிப் போயின.

அனர்த்த காலத்தில் முகாம் அமைப்பவர்களுக்கென்று உலகத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த அடிப்படை விதிகள் இருக்கின்றன. ‘ஸ்பியர்’ விதிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். 20 பேருக்கு ஒரு மலசலகூடமாவது இருக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். மலசலகூடக் குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் இடையே 30 மீற்றர் தூரம் வேண்டும். குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும்.

முகாம் இன்று இல்லை. ஆனால் கடைசி இரண்டு விதிகளும் முகாமுக்கு மட்டும் உரியவை அல்ல. நமது வளவுக்கும் அவை பொருந்தும்.

திரும்பி வந்தவர்களின் கிணறுகள்

நம் சமூகத்துக்கு இதில் ஒரு தனிக் கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் பகுதியில் தஞ்சம் புகுந்தார்கள். கல்பிட்டிப் பக்கம் மணல் நிலம். நீர் கையெட்டும் ஆழத்தில் கிடைக்கும். அந்த வசதியே ஆபத்தும் ஆகும். மணலில் கழிவுநீர் வேகமாக இறங்கும். குடிசைகள் நெருங்கிய இடத்தில் குழியையும் கிணற்றையும் தூரமாக வைக்க இடம் ஏது?

போர் முடிந்த பின் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, முள்ளியவளை போன்ற ஊர்களுக்குக் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. இருபது வருடங்களாகக் காடு மூடிக் கிடந்த வளவுகள். தூர்ந்துபோன கிணறுகள். வாப்பா காலத்தில் ஒரே வளவாக இருந்த காணி இன்று பிள்ளைகள் நால்வருக்குப் பிரிந்து நாலு வீடாகிறது. வீட்டுக்கு ஒரு மலசலகூடம் வருகிறது. குழிகள் நான்கு. ஆனால் கிணறு பழைய அதே இடத்தில்தான் இருக்கிறது. அளந்து பார்த்தால், ஒருவருடைய குழி மற்றவருடைய கிணற்றுக்குப் பத்து மீற்றரிலேயே இருந்துவிடலாம்.

மணமும் இல்லை, நிறமும் இல்லை

“எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி, ஒரு நாளும் மணத்ததில்லை” என்று சொல்லும் தாய்மார் பலர். உண்மைதான். ஆனால் வைரஸ் இருப்பதைக் கண்ணோ மூக்கோ நாக்கோ காட்டிக் கொடுக்காது.

நமக்குத் தெரிந்த வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்குவது பக்டீரியாக் கிருமிகள். வைரஸ் அவற்றைவிடப் பல மடங்கு சிறியது. ஈரல் அழற்சி ‘ஏ’ வைரஸ் முப்பது இலட்சத்தை வரிசையாக அடுக்கினால் பத்து சென்ரிமீற்றர் நீளம் கூட வராது. துணியால் வடிகட்டினாலும், சாதாரண மண் வடிகட்டியில் ஊற்றினாலும் அது தாண்டிப் போய்விடும். தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும்.

இன்னொரு தந்திரமும் இந்த வைரசிடம் உண்டு. உடலில் புகுந்து நோய் வெளித்தெரிய இரண்டு முதல் ஏழு வாரங்கள் வரை ஆகும். கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்பே மலத்தில் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். அதாவது, நோய் என்று யாருக்கும் தெரியாத நாட்களிலேயே அது அதிகமாகப் பரவுகிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மஞ்சளே தோன்றாது. இலேசான காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, அவ்வளவுதான். ஓடியாடி விளையாடும் அந்தக் குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அதன் அழுக்குத் துணியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவி, அந்த நீர் கிணற்றடியில் தேங்கி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. வீட்டிலுள்ள பெரியவர்களே படுக்கையில் விழுவார்கள்.

டில்லியில் நடந்தது

தண்ணீரில் வைரஸ் என்ன செய்யும் என்பதற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டும் சம்பவம் நமது அயல்நாட்டிலேயே நடந்தது. 1955இன் இறுதியில் இந்தியத் தலைநகர் டில்லியில், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் யமுனை ஆற்றில் கழிவுநீர் கலந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் அதை அறிந்து மருந்து சேர்த்தார்கள். அதனால் நெருப்புக் காய்ச்சலோ வயிற்றுளைவோ பெருகவில்லை. தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1956 ஜனவரி முடிவதற்குள் டில்லியில் 29,000 பேருக்கு மேல் செங்கமாரி கண்டது.

பக்டீரியாக் கிருமிகளைக் கொன்ற மருந்து, கலங்கலான அந்தத் தண்ணீரில் வைரசைக் கொல்லப் போதவில்லை. அந்த நோய் ஈரல் அழற்சி ‘ஈ’ என்பது பல வருடங்களுக்குப் பிறகு, 1980களில்தான் தெரியவந்தது.

மற்றவர்களுக்கு இந்த ‘ஈ’ வகை சில வாரங்கள் வாட்டிவிட்டுப் போய்விடும். கர்ப்பிணிகளுக்கோ அப்படியல்ல. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது தொற்றினால், நூறு பேரில் இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. வயிற்றிலுள்ள சிசுவும் தப்புவது அரிது. டில்லியிலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கர்ப்பிணிகளே. சூடானிலும் தென் சூடானிலும் அகதி முகாம்களில் இந்த நோய் பரவியபோதும் இதே நிலைதான். இதற்குச் சீனாவில் தயாராகும் தடுப்பூசி ஒன்று உண்டு. 2022இல் தென் சூடானின் பென்டியு முகாமில்தான் முதன்முறையாக ஒரு நோய்ப் பரவலின்போது அதைப் பயன்படுத்தினார்கள். சாதாரண வீடுகளுக்கு அது எட்டும் நிலையில் இல்லை. ஆகவே நம் கையிலிருக்கும் தடுப்பூசி சுத்தமான தண்ணீர்தான்.

குழிக்குள் என்ன நடக்கிறது?

பெரிய நகரங்களில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது மூன்று படிகளில் நடக்கும். முதலில் தொட்டியில் தேக்கிக் கனமானவற்றை அடியில் படிய விடுவார்கள். பிறகு காற்றூட்டி, நல்ல பக்டீரியாக்களைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைப்பார்கள். கடைசியில் குளோரீனாலோ புறஊதாக் கதிராலோ மிஞ்சிய கிருமிகளைக் கொல்வார்கள். வெயில் மிகுந்த நாடுகளில் இன்னொரு மலிவான முறையும் உண்டு: ஆழமில்லாத குளங்களில் கழிவுநீரைப் பல நாட்கள் தேக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக ஓட விடுவது. வெயிலும் காலமும் சேர்ந்து வைரசை அழிக்கும்.

இலங்கையில் இப்படிக் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் வசதி மிகச் சில வீடுகளுக்கே உண்டு. வன்னி வீடுகளில் இருப்பது குழி. வசதியுள்ளவர்கள் சீமெந்துத் தொட்டி கட்டி, அதிலிருந்து வழியும் நீரை உறிஞ்சுகுழிக்குள் விடுகிறார்கள். தொட்டி செய்யும் வேலை கனமானதை அடியில் படிய வைப்பது. வைரசில் பெரும்பகுதி வழிந்தோடும் நீரோடு வெளியே போய்விடும்.

அப்படியானால் நம்மைக் காப்பது எது? மண்தான். குழிக்குக் கீழே ஈரம் ஊறாத, காற்றோட்டமுள்ள மண் இருந்தால், கழிவுநீர் மெல்ல மெல்ல இறங்கும். மண் துகள்களில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்திலேயே நாளடைவில் செத்துப்போகும். அல்லாஹ் தந்த இலவசச் சுத்திகரிப்பு நிலையம் அது. அது வேலை செய்ய நாம் அதற்கு இரண்டைக் கொடுக்க வேண்டும்: தூரம், காலம்.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி வேலை செய்யாது. முல்லைத்தீவுக் கரையோரத்து மணலில் நீர் விரைவாக ஓடும்; நீர்மட்டமும் மேலேயே இருக்கும். வவுனியாப் பக்கத்துக் கருங்கல் நிலத்தில் மேல்மண் குறைவு. அடியிலுள்ள பாறை வெடிப்புகளில் கழிவுநீர் இறங்கினால் மண்ணைத் தொடாமலே தூரத்துக் கிணற்றை அடைந்துவிடும். இப்படியான இடங்களில் 30 மீற்றர் கூடப் போதாமல் போகலாம். பட்டாணிச்சூர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் அந்தத் தூரத்துக்கே வழியிருக்காது.

மாரியில் கூடும் ஆபத்து

வன்னிக்கு மழையின் பெரும்பகுதி கிடைப்பது ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. கோடையில் கிணற்றின் அடியில் கிடந்த நீர், மாரியில் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கிணற்றில் நீர் உயரும்போது மலசலகூடக் குழியின் கீழும் நீர் உயர்கிறது. கோடையில் நடுவே இருந்த காய்ந்த மண் மாரியில் மறைந்து, குழியும் நிலத்தடி நீரும் ஒன்றையொன்று தொட்டுவிடும். கோடையில் பாதுகாப்பாக இருந்த அதே கிணறு மாரியில் ஆபத்தாகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் போல நிலம் முழுவதையும் நீர் மூடிவிட்டால், கிணற்றுக்கட்டு தாழ்வாக உள்ள வீடுகளில் மண்ணின் உதவிக்கே இடமில்லை. வெள்ளம் நேரே கிணற்றுக்குள் இறங்கும்.

வுழூவுக்குச் சுத்தம், குடிக்கச் சுத்தம்

இங்கே நம் வீடுகளில் எழக்கூடிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். “கிணற்றுத் தண்ணீர் நிறமோ மணமோ ருசியோ மாறவில்லை. அதில் வுழூச் செய்யலாம் என்றால் குடிக்க மட்டும் ஏன் கூடாது?”

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 200 லீற்றருக்குக் குறையாத தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும், அதன் நிறம், மணம், ருசி மாறாத வரை அது நஜீஸ் ஆகாது. தொழுகைக்கு அது போதும். மக்களுக்குச் சிரமம் வராமல் மார்க்கம் தந்த சலுகை இது. ஆனால் தொழுகைக்கான சுத்தமும் உடலுக்கான பாதுகாப்பும் இரண்டு கேள்விகள். தீங்கு தரும் என்று தெரிந்ததை உட்கொள்ள மார்க்கம் அனுமதிக்கவில்லை.

இதை அறிஞர்களே தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைப் பற்றிச் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை 1978இல் ஒரு முடிவு வெளியிட்டது. முறையாகச் சுத்திகரித்து, அசுத்தத்தின் நிறமும் மணமும் ருசியும் முற்றாக நீங்கிவிட்டால் அந்த நீர் தூய்மையானது. அதில் வுழூச் செய்யலாம் என்று கூறியது. ஆனால் உடல்நலத்துக்குக் கேடு வருமென்றால் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும், அது உயிரைக் காப்பதற்காகவே அன்றி நஜீஸ் என்பதற்காக அல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. நம் கிணற்றுக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். வுழூவுக்கு ஆகும் நீரையும் குடிப்பதற்கு முன் கொதிக்க வைப்பது வீண் சந்தேகமல்ல. வாய் கொப்பளிக்கும்போது பிள்ளைகள் அந்த நீரை விழுங்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலில் இதற்கான அடிப்படைகள் எல்லாம் உண்டு. தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை அவர்கள் தடுத்தார்கள். நீர்நிலைகளிலும் பாதைகளிலும் நிழல்களிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல் என்றார்கள். தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடக் கூடாது என்று கற்றுத் தந்தார்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்னார்கள். வைரஸ் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் சொன்ன ஒழுங்குகள் இவை. வாளிக்குள் கையை விட்டு அள்ளும் நம் பழக்கத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

காஸாவின் சாக்கடை சொன்ன செய்தி

கழிவுநீர் பராமரிப்பின்றிப் போனால் மறந்துபோன நோய்களும் எழுந்து வரும் என்பதை அண்மையில் காஸாவில் கண்டோம். குண்டுவீச்சினால் அங்கே சுத்திகரிப்பு நிலையங்கள் செயலிழந்தன. கூடாரங்களுக்கு நடுவே சாக்கடை ஓடியது. 2024 ஜூலையில் கான் யூனிஸ், தைர் அல்பலாஹ் பகுதிகளின் கழிவுநீரில் போலியோ வைரஸ் இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. அடுத்த மாதமே பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் செயலிழந்தது. காஸாவில் 25 வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் போலியோ நோய் அது. செப்டெம்பர் 1ஆம் திகதி தொடங்கிய முகாமில், சண்டைக்கு இடைவேளை விட்டு, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

வன்னித் தாய்மாருக்கு இது புதிய கதையல்ல. 1990களில் போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் போலியோ மருந்து கொடுக்கும் நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இலங்கையில் கடைசிப் போலியோ நோய் பதிவானது 1993இல். 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்து ஒரு நோயை விரட்டியது. செங்கமாரியையும் வயிற்றோட்டத்தையும் விரட்டத் தண்ணீரையும் குழியையும் கவனிப்பதே வழி.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, கொதிக்க வைத்தல். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் ஈரல் அழற்சி வைரஸ்கள் அழிந்துவிடும். கொதித்தாறிய நீரை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, பிடியுள்ள கோப்பையால் எடுக்க வேண்டும். விருந்துகளில் சோறு கறி எல்லாம் கொதித்தவைதான்; ஆனால் சர்பத்துக்கும் ஐஸ்கட்டிக்கும் பச்சைத் தண்ணீரைப் பாவித்தால் பயனில்லை. நோன்புக் கஞ்சி கொதித்தது. அதை வாங்கப் போகும் பாத்திரமும் சுத்தமாக இருக்கட்டும்.

இரண்டாவது, கை. மலசலகூடம் போய்வந்த பின்னும், பிள்ளைக்குக் கால் கழுவிய பின்னும், சமைக்கும் முன்னும் சவர்க்காரத்தால் கையைக் கழுவ வேண்டும். நாம் தண்ணீரால் சுத்தம் செய்பவர்கள். ஆகவே இடக்கைக்குச் சவர்க்காரம் இன்னும் அவசியம். தண்ணீர் மட்டும் போதாது.

மூன்றாவது, கிணறு. கட்டை உயர்த்தி, சுற்றிலும் சீமெந்துத் தளம் போட்டு, சிந்தும் நீர் தூரமாக வடிந்தோட வழி செய்ய வேண்டும். பிள்ளைகளின் துணியை அங்கே கழுவாதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து குளோரீன் இட வேண்டும். வழக்கமான நாட்களில் தெளிந்த நீருக்கு ஆயிரம் லீற்றருக்குச் சுமார் இரண்டரை கிராம் வெளிற்றும் தூள் என்பது கணக்கு. மூன்று மீற்றர் அகலமுள்ள கிணற்றில் இரண்டு மீற்றர் நீர் நின்றால் அது சுமார் 14,000 லீற்றர். அதற்கு 35 கிராம் தூள். தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, படிந்த சுண்ணாம்பை விட்டுத் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், நெடுநாள் பாவிக்காத கிணற்றுக்கும், கலங்கிய நீருக்கும் அளவு கூடும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கேட்டுச் செய்யுங்கள். அதன் பிறகும் கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

நான்காவது, குழி. ஆழமாக வெட்டினால் நீண்ட காலம் நிரம்பாது என்று நினைத்து நீர் ஊறும் வரை தோண்டுகிறார்கள். இது பெரும் தவறு. அகலமாக, ஆழம் குறைவாக வெட்டுவதே நல்லது. முடிந்தால் கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் வெட்டுங்கள். இடமிருந்தால் இரட்டைக் குழி இன்னும் நல்லது. ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதைப் பாவிக்கலாம். அடைத்த குழியை ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால், நம் நாட்டு வெப்பத்தில் உள்ளேயுள்ள வைரஸ்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். பவுசர் வைத்து உறிஞ்சுபவர்கள், அது எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும். குளக்கரையிலோ காட்டோரத்து ஓடையிலோ கொட்டினால், நம் அசுத்தத்தை இன்னொரு ஊரின் கிணற்றுக்கு அனுப்பி வைத்தவர்கள் ஆவோம். முறையான இடத்தை ஒழுங்கு செய்வது பிரதேச சபையின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை.

ஐந்தாவது, நோய் வந்தால். கண் மஞ்சளானால், சிறுநீர் கடும் நிறமானால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கர்ப்பிணி என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் அதுவல்ல. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும். வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் ஓதலாம். பனடோல் குளிசைகளைக் கண்டபடி கொடுப்பது ஈரலை மேலும் கெடுக்கும். நோயாளி குறைந்தது இரண்டு வாரம் மற்றவர்களுக்குச் சமைக்காமல் இருப்பது நல்லது. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டால், அயலில் வேறு யாருக்கும் நோய் உண்டா என்று அவர் கவனிப்பார்.

அயலவரின் கிணறு

கடைசியாக ஒரு விடயம். நமது குழி நமது கிணற்றுக்குத் தூரமாக இருந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரின் கிணறு இருப்பதை மறந்துவிடுகிறோம். நம் வளவின் கடைசி மூலை அவருடைய கிணற்றடியாக இருக்கலாம். வன்னியில் அந்த அயலவர் முஸ்லிமாக இருக்கலாம், தமிழராக இருக்கலாம். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. அயலவரின் உரிமையை அவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாம். அயலவரின் பிள்ளை குடிக்கும் தண்ணீரில் நம் வீட்டு அசுத்தம் கலக்குமானால் அந்த உரிமையை நாம் எங்கே நிறைவேற்றினோம்?

மாரி தொடங்கும் முன் ஒரு நீளக் கயிற்றை எடுத்து, கிணற்றிலிருந்து குழி வரை அளந்து பாருங்கள். வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றுக்கும் அளந்து பாருங்கள். 30 மீற்றருக்குக் குறைந்தால், புதிய குழிக்கு இடம் பார்க்கும் வரை அடுப்பில் தண்ணீர் கொதிக்கட்டும். அயல்வீட்டுப் பெண்ணிடமும் விடயத்தைச் சொல்லுங்கள். நம்மையும் நம் சந்ததிகளையும், நம்மோடு ஒரே நிலத்து நீரைக் குடிக்கும் அனைவரையும் வல்ல அல்லாஹ் நோய்களிலிருந்து காப்பானாக! ஆமீன்.